புரோகிரசிவ் ராக் வரலாறு – 14: கணக்கு தளர்ந்த காலம்

சென்ற இரண்டு அத்தியாயங்களில் ரஷ் குழுவை, டொராண்டோவின் வில்லோடேல் பகுதியில் 1968-ல் அது தோன்றியது முதல் 1996 வரை பார்த்தோம். இந்தக் குழுவைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் 1981-ல், 'மூவிங் பிக்சர்ஸ்' வெளியான இடத்தில் உச்சியைக் கண்டுவிடுகிறார்கள். அதற்குப் பிந்தைய முப்பது ஆண்டுகள் அவர்கள் கையில் ஒரு பின்னிணைப்பாகச் சுருங்கிவிடும்: கீபோர்டு மிகுந்த எண்பதுகள், கிட்டார் திரும்பிவந்த தொண்ணூறுகள், பிறகு ஒரு துயரம், ஒரு மீட்சி, ஒரு விடைபெறல். இந்த வரிசையில் தகவல் பிழை எதுவும் இல்லை. எடைதான் தவறான இடத்தில் விழுகிறது. 2002, 2007, 2012 ஆகிய ஆண்டுகளில் வந்த கடைசி மூன்று ஆல்பங்களை வரிசையாக, முழுதாகக் கேட்டால், அவற்றைப் பழைய புகழின் மிச்சம் என்று சொல்ல மனம் வராது. துல்லியத்தால் பெயர் வாங்கிய ஒரு குழு அந்தத் துல்லியத்தின் மீதே கேள்வி எழுப்பிய பதிவுகள் அவை. வாசிப்பிலும் சொல்லிலும் ஒரே காலத்தில் நிகழ்ந்த இந்த மாற்றத்தை விட்டுவிட்டு எழுதினால் ரஷ்ஷின் வரலாறு பாதி வரலாறுதான் என்பது என் வாதம்.

புதிய நூற்றாண்டில் இந்த இசையின் மூத்த குழுக்கள் எந்த நிலையில் இருந்தன என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். கிங் கிரிம்சன் 2003-ல் 'த பவர் டு பிலீவ்' தந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெயரில் ஸ்டுடியோ ஆல்பமே வரவில்லை. 2014 முதல் மூன்று டிரம்மர்களை மேடையின் முன்வரிசையில் உட்காரவைத்துத் தன் பழைய படைப்புகளை மறுபடி திறந்து வாசித்தது. யெஸ் 2011-ல் வெளியிட்ட 'ஃப்ளை ஃப்ரம் ஹியர்' ஆல்பத்தின் நீண்ட படைப்பு, 1980-ல் மேடையில் வாசித்த ஒரு பாடலிலிருந்து விரித்தெடுக்கப்பட்டது. ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சன் 2012-ல், நாற்பது ஆண்டு கழித்து, 'திக் அஸ் எ பிரிக்' கதைக்கு இரண்டாம் பாகம் எழுதினார். மூன்றும் மதிப்புக்குரிய முயற்சிகள். கிரிம்சனின் அந்த மேடை வாசிப்புகளில் சில, மூலப் பதிவைவிட மேலானவை என்றே நினைக்கிறேன். ஆனாலும் மூன்றுமே தம் அளவுகோலைக் கடந்த காலத்திலிருந்து எடுத்துக்கொண்டன. ரஷ்ஷின் நிலை வேறு. நீல் பீர்ட் 1974 ஜூலையில் வந்து சேர்ந்ததிலிருந்து 2015 வரை அங்கே ஆள் மாறவே இல்லை. பேஸும் குரலும் கெடி லீ, கிட்டார் அலெக்ஸ் லைஃப்சன், டிரம்ஸும் பாடல்வரிகளும் பீர்ட். யெஸ்ஸின் இசை மாறினால் ஆள் மாறியதால் மாறியது என்று காரணம் சொல்லிவிடலாம். ரஷ்ஷின் இசை மாறியது என்றால் அந்த மூவருக்குள்ளேயே ஏதோ மாறியிருக்க வேண்டும்.

அந்த மாற்றத்தை டிரம்ஸிலிருந்து தொடங்கிப் பார்ப்பதுதான் சரி. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பீர்ட் தன் வாசிப்பை ஒரு இசையமைப்பாளர் எழுதுவதுபோல் அமைத்தார். எந்த இடத்தில், எந்த டாம் மீது, எத்தனை அடி என்பதெல்லாம் ஒலிப்பதிவுக்கு முன்பே தீர்மானமாகியிருக்கும். மேடையிலும் இரவுக்கு இரவு அது மாறாது. அரங்கில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் காற்றில் கைவீசி அவரோடு சேர்ந்து அடிக்க முடிந்தது இதனால்தான். கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரே சொல்லில் சொல்வதானால், எல்லாம் கல்பிதம். மனோதர்மத்துக்கு இடம் மிகக் குறைவு. இப்படிப்பட்டவர் 1994-ல், ஜாஸ் டிரம்மர் பட்டி ரிச்சுக்கு அஞ்சலியாகப் பல டிரம்மர்களைக் கூட்டி ஓர் ஆல்பம் தயாரித்தார். அதில் வாசிக்க வந்த ஸ்டீவ் ஸ்மித்தின் கையில் கண்ட முன்னேற்றத்தில் வியந்து, அவருடைய ஆசிரியர் ஃப்ரெடி க்ரூபரிடம் தாமும் மாணவராகச் சேர்ந்தார். நாற்பதைத் தாண்டிய வயதில், உலகின் மிகப் புகழ்பெற்ற ராக் டிரம்மர்களில் ஒருவர், குச்சியைப் பிடிக்கும் முறையிலிருந்து மறுபடி தொடங்கினார். குச்சி விழும் இடத்தைவிட, இரண்டு அடிகளுக்கு நடுவே கை எப்படிப் பயணம் செய்கிறது என்பதில்தான் க்ரூபரின் பாடம் இருந்தது. 1996-ன் 'டெஸ்ட் ஃபார் எக்கோ' அந்தப் பாடத்தின் முதல் பலன். கை இளகியிருந்தது, பாடல்கள்தான் அந்தக் கைக்கு ஈடாக இல்லை.

அந்த ஆல்பத்துக்கான சுற்றுப்பயணம் 1997 ஜூலை 4-ல் ஒட்டாவாவில் முடிந்தது. அடுத்த மாதமே பீர்ட்டின் மகள் பத்தொன்பது வயதில் கார் விபத்தில் இறந்தார். பத்து மாதங்களில் மனைவியும் புற்றுநோயால் இறந்தார். தன்னை ஓய்வு பெற்றவனாகவே வைத்துக்கொள்ளும்படி நண்பர்கள் இருவரிடமும் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளில் வட அமெரிக்கக் கண்டம் முழுக்க ஏறத்தாழ 88,000 கிலோமீட்டர் அலைந்தார். 'கோஸ்ட் ரைடர்' என்ற அவருடைய நூல் அந்தப் பயணத்தின் பதிவு. லீயும் லைஃப்சனும் அவருடைய இடத்தில் வேறொருவரை உட்காரவைக்கவில்லை, காத்திருந்தார்கள். 2001 ஜனவரியில் மூவரும் டொராண்டோவின் ரியாக்‌ஷன் ஸ்டுடியோவில் மறுபடி கூடியபோது முடிவுத் தேதி என்று எதையும் வைத்துக்கொள்ளவில்லை. ஆல்பம் முடிய ஓராண்டாகிவிட்டது. 2002 மே மாதம் 'வேப்பர் டிரெயில்ஸ்' வந்தது.

இந்த ஆல்பத்தில் முதலில் கவனிக்க வேண்டியது, இல்லாதவற்றின் பட்டியல். கீபோர்டு இல்லை, 1975-ன் 'கேரஸ் ஆஃப் ஸ்டீல்' ஆல்பத்துக்குப் பிறகு சிந்தசைசர் ஒலியே கேட்காத முதல் ரஷ் ஸ்டுடியோ ஆல்பம் இதுதான். வழக்கமான கிட்டார் தனிவாசிப்பும் ஏறக்குறைய இல்லை. லீயும் லைஃப்சனும் நோக்கமின்றிச் சேர்ந்து வாசித்துக் கணினியில் பதிவுசெய்த துண்டுகளிலிருந்தே பெரும்பாலான பாடல்கள் வளர்ந்தன. பல இடங்களில் அந்த முதல் துண்டுகளையே மறுபடி வாசிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். இருபது ஆண்டுக்கு முன்பு இந்தக் குழு இப்படிச் செய்திருக்கும் என்று கற்பனைகூடச் செய்ய முடியாது. 'மூவிங் பிக்சர்ஸ்' காலத்தில் பாடலின் கட்டமைப்பு முதலில் வரும், உணர்ச்சி அதற்குள் இடம் தேடிக்கொள்ளும். இங்கே தலைகீழ். முதல் பாடலான 'ஒன் லிட்டில் விக்டரி' டிரம்ஸ் மட்டும் தனியாக, இரட்டை பாஸ் டிரம்மின் ஓட்டத்தில் தொடங்குகிறது. ஆண்டுக்கணக்கில் டிரம்ஸை விட்டு விலகியிருந்த ஒருவர் உயிரோடு இருக்கிறேன் என்று அறிவிக்க இதைவிடச் சுருக்கமான வழி இருக்க முடியாது. 'சீக்ரெட் டச்', 'சீலிங் அன்லிமிடெட்' போன்றவற்றில் லைஃப்சனின் கிட்டார் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய சுவராக நிற்க, லீயின் குரலும் பல அடுக்குகளாக அதற்குள் கரைகிறது. எழுபதுகளில் மூன்று வாத்தியங்களும் மூன்று கோடுகளாகத் தனித்தனியே தெரியும். இங்கே மூன்றும் ஒரே இரைச்சலாகச் சேர்ந்து வருகின்றன. அதை அவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள்.

இந்த இடத்தில் வரும் எதிர்வாதம் வலுவானது, தட்டிக்கழிக்க முடியாது. 'வேப்பர் டிரெயில்ஸ்' கேட்கவே முடியாத அளவுக்கு மோசமாக ஒலிக்கிறது என்பதே அது. குறுந்தகடு தோன்றி இருபது ஆண்டுகள் ஆகியிருந்த அந்தக் காலத்தில், மற்ற ஆல்பங்களைவிடத் தன் ஆல்பம் சத்தமாகக் கேட்க வேண்டும் என்ற போட்டி இசைத்துறை முழுவதையும் பிடித்திருந்தது. ஒலியின் உயரத்துக்கு டிஜிட்டல் பதிவில் ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்ட வழியில்லாததால், மெல்லிய ஒலிகளை உயர்த்தி, உரத்த ஒலிகளின் தலையை அழுத்தி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்னேர் டிரம்மின் ஓர் அடி காதில் அறைவதற்குக் காரணம் அதற்கு முன்னும் பின்னும் உள்ள அமைதி. அந்த அமைதியை நிரப்பிவிட்டால் அடி இருக்கும், அறை இருக்காது. வரம்பையும் மீறி ஏற்றிய இடங்களில் ஒலியலையின் முகடு வெட்டுப்பட்டு உடைந்த சத்தம் கேட்கும். இந்தப் போட்டியின் தீமைக்கு எடுத்துக்காட்டாக ஒலிப்பதிவுத் துறையினர் மறுபடி மறுபடி காட்டும் ஆல்பங்களில் 'வேப்பர் டிரெயில்ஸ்' ஒன்று. குழுவினரும் இதை மறுக்கவில்லை. 2009-ல் ஒரு தொகுப்புக்காக இரண்டு பாடல்களை மறுகலவை செய்து பார்த்து, பிறகு கிங் கிரிம்சன், டூல் குழுக்களோடு வேலை பார்த்த டேவிட் பாட்ரிலிடம் முழு ஆல்பத்தையும் கொடுத்தார்கள். அந்த மறுகலவை 2013-ல் வெளியானது.

அந்த 2013 பதிப்புதான் எதிர்வாதத்துக்குப் பதில். படைப்பே வெறும் இரைச்சல் என்றால், கலவையை மாற்றினாலும் இரைச்சல்தான் மிஞ்சியிருக்கும். பாட்ரில் கதவைத் திறந்ததும் உள்ளே முழு வீடு இருந்தது தெரிந்தது: அடுக்குகளுக்கு நடுவே ஓடும் பேஸ் கோடு, 'எர்த்ஷைன்' பாடலில் கிட்டார் விரியும் அகலம், 'ஹவ் இட் இஸ்' பாடலின் மென்மை. குற்றம் ஒலிக்கலவையில் இருந்தது, பாடல்களில் இல்லை. இதற்கும் ஒரு படி மேலே போய், 2002 பதிப்பின் கரடுமுரடே துக்கத்தின் உண்மையான குரல், அதைத் திருத்தியிருக்கக் கூடாது என்று சொல்பவர்களும் உண்டு. அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தொழில்நுட்பத் தவறு ஒன்றுக்குப் பின்னாளில் ஒரு தத்துவம் கற்பிப்பது படைத்தவர்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. அவர்கள் விரும்பிய நெருக்கம் மறுகலவையிலும் குறையாமல் இருக்கிறது. புதிதாகக் கேட்க வருகிறவர்கள் அந்தப் பதிப்பிலேயே தொடங்கலாம்.

2002 நவம்பரில் ரியோவின் மரகானா அரங்கில் நாற்பதாயிரம் பேர் முன்னால் வாசித்ததும், 2004-ல் தாங்கள் சிறுவயதில் கேட்டு வளர்ந்த எட்டுப் பாடல்களை 'ஃபீட்பேக்' என்று வெளியிட்டதும் குழு மறுபடி மூச்சு வாங்கிக்கொண்ட நாட்கள். அடுத்த உண்மையான அடி 2007 மே மாதம் வந்த 'ஸ்நேக்ஸ் அண்ட் ஆரோஸ்'. அந்தப் பெயர் நமக்கு அந்நியமானதல்ல. சிறுவர் ஆடும் பாம்பு ஏணி ஆட்டத்தையும் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் வரும் அம்புகளையும் மனத்தில் வைத்துப் பெயரை அமைத்த பீர்ட், பிறகு தேடிப் பார்த்தபோது இந்தியாவின் 'லீலா' என்ற பழைய ஆட்டத்தைக் கண்டார். அதில் ஏணிக்குப் பதில் அம்பு மேலே ஏற்றும், பாம்பு கீழே இறக்கும். ஹரீஷ் ஜோஹரி வரைந்த லீலா ஆட்டப் பலகைதான் அந்த ஆல்பத்தின் முகப்பு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து நம் வீடுகளில் ஆடிய பரமபத சோபனம் அதே குடும்பத்து ஆட்டம்தான். பகடை உருளும்போது ஆடுகிறவனின் திறமைக்கு அங்கே வேலையே இல்லை. கட்டத்துக்குக் கட்டம் நடப்பதை ஏற்றுக்கொண்டு மேலே போக வேண்டியதுதான். தனிமனிதனின் உறுதி எதையும் வெல்லும் என்று இருபத்து மூன்று வயதில் எழுதிய ஒருவர், ஐம்பத்து நான்கு வயதில் தன் ஆல்பத்துக்குப் பகடையாட்டத்தின் படத்தை முகப்பாக வைத்தார். இந்தப் படம் தற்செயலாகக் கிடைத்ததுதான். அதைக் கையிலெடுக்கத் தயாராக இருந்த மனநிலை அப்படி வந்ததல்ல.

பாடல்வரிகள் அதை உறுதிசெய்கின்றன. அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளில் போகும்போது கண்ணில் பட்ட தேவாலயப் பலகைகள் பீர்ட்டை மதநம்பிக்கை பற்றி யோசிக்க வைத்தன. 'ஆர்மர் அண்ட் ஸ்வோர்டு' பாடலில், மனிதனைக் காக்கும் கவசமாக வந்த நம்பிக்கை எப்படி மற்றவனை வெட்டும் வாளாகிறது என்று கேட்கிறார். 'ஃபெய்த்லெஸ்' தன் நம்பிக்கையின்மையைப் பெருமையாகச் சொல்வதில்லை. மதம் இல்லாதவன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று தேடுகிறது. அதற்கு முன்னால் வரும் 'ஹோப்' லைஃப்சன் பன்னிரண்டு தந்திக் கிட்டாரில் தனியாக வாசித்த இரண்டு நிமிடத் துண்டு. அதில் சொல் ஒன்றுகூட இல்லை. ஒரு ராக் ஆல்பத்தின் பாடல் வரிசையில் இவ்வளவு யோசனை இருப்பது அரிது. தயாரிப்பாளராக வந்த நிக் ராஸ்குலினெட்ஸ் இவர்களைக் கேட்டே வளர்ந்த அடுத்த தலைமுறைக்காரர். கொன்னக்கோல் சொல்வதுபோல் டிரம்ஸ் அடிகளை வாயாலேயே சொல்லிக்காட்டி, இதை வாசியுங்கள் என்று பீர்ட்டிடம் கேட்பார். அந்த ஒலியே அவருக்குப் பட்டப்பெயராகவும் ஆனது. ஐம்பதைத் தாண்டிய மூவரிடம், சிக்கலான இசைக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்று சொல்ல ஓர் இளையவர் தேவைப்பட்டார். ஆல்பத்தில் வாத்தியப் படைப்புகள் மட்டும் மூன்று. குறை சொல்வதானால், பதின்மூன்று என்ற எண்ணிக்கை அதிகம்; நடுவில் இரண்டு பாடல்களை விட்டிருந்தால் இன்னும் இறுக்கமாக இருந்திருக்கும்.

இந்த இரண்டு ஆல்பங்களிலும் தளர்ந்துகொண்டே வந்த கணக்கு முழுதாக அவிழ்ந்தது 2012 ஜூனில் வந்த 'க்ளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்' ஆல்பத்தில். இதன் முதல் இரண்டு பாடல்கள் நாஷ்வில்லில் பதிவாகி 2010-லேயே வெளிவந்தன. மீதி வேலை 2011-ல் டொராண்டோவில் நடந்தது. அங்கே பீர்ட் தன் வாழ்நாள் வழக்கத்துக்கு நேர் எதிரான ஒன்றைச் செய்தார். பாடல்களைச் சில முறை மட்டும் கேட்டுவிட்டு, பகுதிகளை அமைத்துக்கொள்ளாமல், ஒத்திகை பார்க்காமல் டிரம்ஸின் முன் உட்கார்ந்தார். ராஸ்குலினெட்ஸ் எதிரில் நின்று ஒரு குச்சியை அசைத்து, பல்லவி எங்கே வருகிறது, எங்கே ஏறவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்று இசைக்குழு நடத்துநர்போல் வழிகாட்ட, அந்தக் கணத்தில் தோன்றியதை அவர் வாசித்தார். பிறகு சுற்றுப்பயணத்துக்குப் போகும்போது, தான் என்ன வாசித்தோம் என்பதைத் தானே உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 'ஹெட்லாங் ஃப்ளைட்' பாடலின் ஏழு நிமிடங்களில் டிரம்ஸ் எந்த நேரத்திலும் திரும்பலாம் என்ற பதற்றம் கேட்கிறதே, அது இந்த முறையால் வந்தது. இந்தப் பாடலின் வரிகளுக்குப் பின்னால் க்ரூபரின் நினைவு இருக்கிறது. ஆல்பம் முடிவதற்குள், 2011-ல் அவர் இறந்துபோனார். இடைவெளியில் கை எப்படிப் பயணிக்க வேண்டும் என்று 1994-ல் அவர் தொடங்கிவைத்த பாடத்துக்கு மாணவர் விடைத்தாள் தர பதினேழு ஆண்டுகள் ஆயின.

வாசிப்பு முறை ஒருபுறம் இருக்கட்டும், கதையைப் பாருங்கள். ரஷ் ஒரு முழு ஆல்பத்தையும் ஒரே கதைக்குக் கொடுத்தது இதுதான் முதல் முறை. 1976-ன் '2112' புகழ்பெற்ற கதைப்பாடல் என்றாலும் அது ஆல்பத்தின் ஒரு பக்கம், இருபது நிமிடம் மட்டுமே. அதில் எதிர்காலக் கோயில்களின் குருமார்கள் உலகை ஆள்கிறார்கள். ஓர் இளைஞன் கிட்டார் ஒன்றைக் கண்டெடுத்து அவர்களிடம் கொண்டுபோகிறான். அவர்கள் அதை அழிக்கிறார்கள். அவன் மனமுடைந்து தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். எழுத்தாளர் அயன் ராண்டுக்கு நன்றி சொல்லி வந்த அந்தக் கதையில் சரி ஒரு பக்கம், தவறு மறுபக்கம், நடுவில் எதுவும் கிடையாது. 'க்ளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்' கதையிலும் ஊரை விட்டுக் கிளம்பும் ஓர் இளைஞன் இருக்கிறான். உலகத்தை ஒழுங்கு பிசகாமல் நடத்தும் கடிகாரக்காரர் இருக்கிறார். ஆனால் அவருக்கு எதிராக நிற்பவன் வீரன் இல்லை, குண்டு வைக்கும் அராஜகன். இளைஞனுக்கு இருவரிடமும் இடமில்லை. திருவிழாக்கூட்டம், பாலைவனம், கடலில் கப்பலைக் கவிழ்த்துக் கொள்ளையடிப்பவர்கள் என்று எல்லாம் பட்டு, எல்லாரையும் மன்னிக்கக் கற்று, முதுமையில் ஒரு தோட்டத்தைப் பராமரிக்க வந்து சேர்கிறான். வோல்டேரின் 'காண்டீட்' தந்த வழி அது என்பதை பீர்ட் மறைக்கவில்லை. நான் கவனித்துச் சொல்ல விரும்புவது வேறு. இசை உலகில் கடிகாரம் என்று யாரையாவது சொல்லலாம் என்றால் அது பீர்ட்தான். அவர் தன் கடைசிக் கதையில் கடிகாரக்காரரை ஆட்சிபீடத்தில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார். அந்தக் கதையை வாசிக்கும்போது தன் கைக்கடிகாரத்தையே கழற்றி வைத்துவிடுகிறார். சொன்னதும் செய்ததும் இந்த அளவுக்கு ஒன்றுபட்ட இன்னொரு ஆல்பம் அவர்களிடம் கிடையாது. 'மூவிங் பிக்சர்ஸ்' அதைவிடப் பளபளப்பானது, எளிதில் மனத்தில் நிற்பது. ஆனால் இந்த ஆழம் அதில் இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டும் ஒருவர் மூன்று ஆட்சேபங்களை எழுப்பலாம். முதலாவது, லீயின் குரல். எழுபதுகளில் கத்திபோல் மேலே பாய்ந்த குரல் கடைசி ஆல்பங்களில் தாழ்ந்துவிட்டது, உண்மைதான். ஆனால் தாழ்ந்த குரலுக்கு ஏற்ற மெட்டுகளைத்தான் அவர் அங்கே அமைத்தார். டேவிட் கேம்பெல் தந்திவாத்தியங்களுக்கு எழுதிய பகுதிகளோடு வரும் 'த கார்டன்' பாடலை 1976-ன் குரலில் பாடியிருந்தால் ஒரு முதியவரின் நிம்மதி அதில் கேட்டிருக்காது. குரலின் தாழ்வு மேடையில் பழைய பாடல்களைப் பாடும்போதுதான் இடறியது, புதிய பாடல்களில் இல்லை. இரண்டாவது, தாக்கம். 'மூவிங் பிக்சர்ஸ்' அமெரிக்காவில் மட்டும் நாற்பது லட்சம் பிரதிகளைத் தாண்டியது. கடைசி மூன்று ஆல்பங்கள் அமெரிக்கப் பட்டியலில் முறையே ஆறு, மூன்று, இரண்டு ஆகிய இடங்களுக்கு வந்தாலும், குறுந்தகடு விற்பனை சரிந்துவந்த காலத்தில் அந்த இடங்களுக்குப் பழைய பொருள் இல்லை. இதை ஒப்புக்கொள்கிறேன், பட்டியல் இடங்களை என் வாதத்துக்குச் சாட்சியாகக் கூப்பிடவும் இல்லை. அடுத்தவர் எத்தனைபேர் பின்பற்றினார்கள் என்பது ஒரு அளவுகோல். படைத்தவர் தன்னிடமிருந்து தானே எவ்வளவு தூரம் விலகி வந்தார் என்பது இன்னொன்று. வரலாற்று நூல்கள் முதலாவதையே பயன்படுத்திப் பழகிவிட்டன.

மூன்றாவது ஆட்சேபம்தான் கூர்மையானது: துயரக் கதை தெரிந்ததால் நமக்கு இரக்கம் வருகிறது, அந்த இரக்கத்தைப் பாடல்களின் தகுதி என்று தவறாக எடுத்துக்கொள்கிறோம். 'வேப்பர் டிரெயில்ஸ்' விஷயத்தில் இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. 'கோஸ்ட் ரைடர்' என்ற பாடலை அந்தப் பயணம் தெரியாமல் கேட்பது கடினம். ஆனால் நான் சொன்ன மாற்றம் துயரத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. க்ரூபரிடம் பாடம் கற்கப் போனது 1994-ல். அப்போது குடும்பத்தில் எந்தக் குறையும் இல்லை. துயரத்துக்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, மறுமணம் செய்து இன்னொரு மகளுக்குத் தந்தையாகிவிட்ட காலத்தில்தான் அந்த மாற்றம் முழு வடிவம் எடுத்தது. 'க்ளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்' துக்கத்தின் ஆல்பமாக ஒலிப்பதில்லை. அயன் ராண்டிடமிருந்து தான் விலகிவந்துவிட்டதாக பீர்ட் நேர்காணலிலும் வெளிப்படையாகச் சொன்னார். விபத்து அவருடைய இசையின் பாதையை அறுத்தது. பாதையை உண்டாக்கியது அதுவல்ல. இந்த வேறுபாட்டைக் காணாமல், கடைசி ஆல்பங்களை மீண்டுவந்த கதை என்று மட்டும் எழுதுவது அவருடைய இருபது ஆண்டு உழைப்பை ஒரு விபத்தின் கணக்கில் எழுதுவதாகும்.

குழு இந்த ஆல்பங்களை எப்படி மதித்தது என்பதற்கு அவர்களுடைய மேடையே சான்று. 2012, 2013-ல் நடந்த சுற்றுப்பயணத்தில், முன்பு எப்போதும் மூன்றுபேர் மட்டுமே நின்ற மேடையில் தந்திவாத்தியக் குழு ஒன்றையும் ஏற்றி, புதிய ஆல்பத்தின் பெரும்பகுதியை வாசித்தார்கள். மூவரும் சேர்ந்த கடைசிச் சுற்றுப்பயணமான 2015-ன் ஆர் 40 நிகழ்ச்சிகளில் பாடல்கள் காலத்தில் பின்னோக்கிப் போயின: 'க்ளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்' முதலில், 1974-ன் 'வொர்க்கிங் மேன்' கடைசியில். பாடலுக்குப் பாடல் மேடைப் பொருள்களும் குறைந்துகொண்டே வந்து, முடிவில் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடமும் நாற்காலிமேல் வைத்த ஆம்ப்ளிஃபயரும்தான் மிஞ்சின. லைஃப்சனுக்கு மூட்டுவாதம், பீர்ட்டுக்குக் காலில் புண். வாசிப்பில் அது தெரியவில்லை. 2015 ஆகஸ்ட் 1 அன்று லாஸ் ஏஞ்சலிஸை அடுத்த ஃபோரம் அரங்கில் கடைசி நிகழ்ச்சி முடிந்ததும், நாற்பத்தோரு ஆண்டுகள் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்தே விடைபெற்றுப் போய்க்கொண்டிருந்த பீர்ட், மேடையின் முன்பக்கம் நடந்துவந்து நண்பர்கள் இருவரின் தோளிலும் கைபோட்டுக்கொண்டார். 2020 ஜனவரி 7 அன்று மூளைப் புற்றுநோயால் இறந்தார். அவருடைய வரிகளும் டிரம்ஸும் உள்ள ஸ்டுடியோ ஆல்பங்கள் பதினெட்டு. அவற்றில் கடைசி ஆல்பத்தின் கடைசிப் பாடல் 'த கார்டன்'.

(தொடரும்)